கடல் கடந்த ஆங்கில உபாத்தியாயர்

பொருள் தேடிக் கடல் கடப்பது தமிழ் மக்களுக்குப் புதிதன்று. துணி மூட்டையோடு போன வியாபாரியையும், கணக்குப் புஸ்தகத்தோடு போன செட்டியாரையும், கங்காணியின் பின்னே போன கூலித் தொழிலாளியையும் பற்றி நம்மவர் நிரம்ப எழுதியிருக்கின்றனர். ஆனால் கையில் யாதொரு சரக்குமின்றி, அந்நியருடைய பாஷையொன்றைக் கற்று, அதைப் பிறர் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதையே பிழைப்பாகக் கொண்டு கப்பலேறிய கூட்டத்தார் ஒருவரும் நம்மில் உண்டு. அவர்களே ஆங்கில உபாத்தியாயர்கள்.

இக்காலத்தில் நம் இளைஞர் பலர், வெளிநாடு சென்று ஆங்கிலம் கற்பிக்கும் உத்தியோகம் கிடைக்குமா என்று ஆவலோடு விசாரிக்கின்றனர். இஃது ஏதோ நேற்று முளைத்த ஆசை என்று எண்ணுவோர் பினாங்கின் பழைய சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்த்தல் நலம். இவ்வுத்தியோகம் யாருக்குக் கிடைத்தது, எவ்வாறு கிடைத்தது, அதனால் நம் சமூகத்தில் யார் உயர்ந்தார், யார் விடுபட்டார் என்பவற்றை அறிந்தாலன்றி, இனிச் செய்ய வேண்டியது யாதென்று துணிய முடியாது.

பாஷை கற்பித்துப் பிழைத்தல்

பாஷை கற்பிக்கும் தொழில் இந்நாட்டில் ஆங்கிலத்தோடு பிறந்ததன்று. மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா, நாகூரில் வந்து குடியேறிய அரபியர் ஒருவரின் வழித்தோன்றல், தமிழ் இரத்தக் கலப்புடையவர், தமிழும் கற்றவர். மலாக்காக் கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு மலாய் கற்பித்தமையாலேயே ‘முன்ஷி’ என்ற பட்டம் அவருக்கு வந்தது. முன்ஷி என்பதற்குப் பாஷை உபாத்தியாயர் என்பது பொருள். பின்னர்ப் பாதிரிமார்களும் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களும் அவரிடம் மலாய் கற்றனர். அவர் எழுதிய சுயசரிதை 1849-ம் வருஷத்தில் அச்சேறியது. 1854-ம் வருஷத்தில் அவர் காலமானார்.

அப்துல்லாவின் காலத்தில், இந்நாட்டில் வியாபாரஞ் செய்யவும் ஆளவும் வந்த வெள்ளையன், இந்நாட்டுப் பாஷையைக் கற்க ஓர் உபாத்தியாயரைத் தேடினான். ஆட்சி வேரூன்றிய பிறகோ நிலைமை தலைகீழாயிற்று. ஆபீசு நடத்தவும் சுங்கம் வசூலிக்கவும் ரயில் ஓட்டவும், குறைந்த சம்பளத்தில் ஆங்கிலமறிந்த ஆசியர்கள் ஏராளமாக வேண்டியிருந்தனர். அவர்களை உண்டாக்கப் பள்ளிக்கூடங்கள் வேண்டியிருந்தன. பள்ளிக்கூடங்களுக்கு உபாத்தியாயர்கள் வேண்டியிருந்தனர். இத்தேவையே நம்மவருக்கு வழி திறந்தது.

1816-ம் வருஷம்

பிரான்சிஸ் லைட் பினாங்கில் பிரிட்டிஷ் கொடியேற்றியது 1786-ம் வருஷத்தில். அதற்கு முப்பது வருஷம் கழித்து, 1816-ம் வருஷம் அக்டோபர் 21-ந் தேதி, ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் என்னும் பாதிரியாரின் முயற்சியால் ‘பினாங்கு பிரீ ஸ்கூல்’ திறக்கப்பட்டது. தென்கிழக்காசியாவின் ஆங்கிலப் பள்ளிக்கூடங்களில் மிகப் பழமையானதென்று அதனைக் கூறுவர். ‘பிரீ’ என்ற சொல்லுக்கு அங்கே இனாம் என்பது கருத்தன்று. ஜாதி, மத, இன வித்தியாசமின்றி எவர் பிள்ளையும் சேரலாம் என்பதே கருத்து. ஜாதிக்கொரு தெருவும் தெருவுக்கொரு கிணறும் வைத்திருந்த நம் நாட்டு ஊர்களை நினைத்தால், இதன் பெருமை விளங்கும்.

அப்பள்ளியோடு சேர்ந்து தமிழ் வகுப்பொன்றும் தொடங்கப்பட்டது. மலேசியத் தமிழ்க் கல்வியின் 200-வது ஆண்டு நிறைவு 2016-ம் வருஷத்தில் கொண்டாடப்பட்டமைக்குக் காரணம் அதுவே. ஆங்கிலமும் தமிழும் இந்நாட்டில் ஒரே கூரையின் கீழ் கல்வியைத் தொடங்கின என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும். ஆனால் தமிழ் வகுப்பு நீடிக்கவில்லை. ஆங்கிலப் பள்ளி நகரத்தில் வளர்ந்தது. தமிழ்க் கல்வியோ பிற்காலத்தில் ரப்பர்க் காட்டினுள்ளே வேறொரு கூரையைத் தேடிக்கொண்டது. இப்பிரிவே நம்முடைய பிற்காலச் சரித்திரம் முழுவதையும் தீர்மானித்தது என்று சொல்லலாம்.

அதே 1816-ம் வருஷத்தில், கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் மற்றொரு விதை விழுந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டேனியல் பூர் பாதிரியார் தெல்லிப்பழையில் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1823-ம் வருஷத்தில் வட்டுக்கோட்டையில் செமினரி என்னும் உயர்தரக் கல்விச்சாலை ஏற்பட்டது. 1824-ம் வருஷத்தில் உடுவிலில் பெண்களுக்கென விடுதியோடு கூடிய பள்ளி ஏற்பட்டது. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலத்தில் இவ்வாறு நடந்தமை வியத்தற்குரியது. சென்னைச் சர்வகலாசாலை முதன்முதலாக அளித்த பி. ஏ. பட்டத்தைப் பெற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்களே.

இங்கே வேடிக்கையொன்றைச் சொல்ல வேண்டும். வட்டுக்கோட்டைச் செமினரியை மிஷன் 1855-ம் வருஷத்தில் மூடிவிட்டது. மாணவர்கள் ஆங்கிலம் கற்று மத ஊழியத்துக்கு வராமல் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்பது அதற்குக் கூறப்பட்ட முக்கியமான குறை. பாதிரியார் மோட்சத்துக்கு வழியாகக் கொடுத்த பாஷையை, மாணவன் சோற்றுக்கு வழியாகக் கண்டுகொண்டான். வறண்ட நிலமும் பனையும் புகையிலையும் உள்ள ஒரு நாட்டில் இதில் அதிசயம் என்ன? ஜனங்களின் விருப்பத்தை நிறுத்தி வைக்க முடியவில்லை. 1872-ம் வருஷத்தில் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. மிஷன்கள் போட்டியிட்டுப் பள்ளிகளை வைத்தன. அவற்றைக் கண்டு சைவர்களும் தங்கள் பள்ளிகளை வைத்தனர். இதன் பயனாக, அச்சிறு தீபகற்பத்தில் ஆங்கிலமறிந்தோர் தொகை அங்குள்ள உத்தியோகங்களின் தொகையைவிடப் பெருகிற்று. கொழும்பும் அத்தனை பேரையும் ஏற்கவில்லை.

தேவையும் ஆளும் சந்தித்த விதம்

பினாங்கு முதலிய நீரிணைக் குடியேற்றங்கள் 1867-ம் வருஷம் வரையில் இந்தியச் சர்க்காரின் கீழேயே இருந்தன. அதன் பின்னர் லண்டன் குடியேற்ற மந்திரி காரியாலயத்தின் நேர் ஆட்சிக்கு வந்தன. 1874-ம் வருஷத்தில் பேராக் முதலாக மலாய் நாடுகளில் பிரிட்டிஷார் கை ஓங்கிற்று. இலங்கையில் பழகிய அதிகாரிகள் பலர் இங்கு மாற்றப்பட்டனர்; பேராக்கின் முதல் ரெசிடெண்டான பர்ச் துரையும், பிற்காலத்தில் ரயில்வேக்குத் தலைவரான ஸ்பூனர் துரையும் இலங்கையிலிருந்து வந்தவர்களே. தாங்கள் அறிந்த யாழ்ப்பாணத்தாரை அவர்கள் தங்கள் ஆபீசுகளுக்கு அழைத்துக்கொண்டனர். 1885-ம் வருஷத்தில் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே முதல் ரயில் ஓடிற்று.

அக்காலத்திலேயே பள்ளிக்கூடங்களும் பெருகின. பினாங்கில் 1852-ம் வருஷத்தில் செயிண்ட் சேவியர்ஸ் பள்ளியும் லைட் தெருக் கான்வென்டும், 1885-ம் வருஷத்தில் செயிண்ட் ஜார்ஜஸ் பெண்கள் பள்ளியும், 1891-ம் வருஷத்தில் மெதடிஸ்டுகளின் ஆங்கிலோ சீனப் பள்ளியும் தோன்றின. ஈப்போவில் ஹார்லி பாதிரியார் 1895-ம் வருஷத்தில் நான்கு பிள்ளைகளோடு பள்ளி தொடங்கினார். சிங்கப்பூரில் 1886-ம் வருஷத்தில் மெதடிஸ்டுப் பள்ளியை நிறுவிய ஓல்டாம் பாதிரியார் பெங்களூரில் பிறந்தவர். வெள்ளைக்கார உபாத்தியாயர் ஒருவரைச் சீமையிலிருந்து தருவிக்கும் செலவை எல்லா வகுப்புகளுக்கும் எந்தப் பள்ளியும் தாங்க முடியாது. ஆகவே கீழ் வகுப்புகளுக்கும் நடுத்தர வகுப்புகளுக்கும் யாழ்ப்பாணத்தாரும், சென்னை மாகாணத்தாரும், மலையாளிகளும், யுரேஷியர்களும் அமர்த்தப்பட்டனர். சீன வியாபாரியின் மகனுக்கும் மலாய்ப் பிரபுவின் மகனுக்கும் ஆங்கில அரிச்சுவடியைக் கற்பித்தவர்களில் தமிழரும் இருந்தனர்.

வேலை தேடிய முறை எளிது. ஆனால் எல்லோருக்கும் எளிதன்று. முன்னே வந்தவர் ஊருக்குக் கடிதம் எழுதுவார். மைத்துனனோ பெறாமகனோ, படிப்புச் சான்றிதழைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு கப்பலேறுவான். வந்த இடத்தில் உறவினர் வீட்டுத் திண்ணையே தங்குமிடம். கிராணி வேலைக்கும் உபாத்தியாயர் வேலைக்கும் ஒருங்கே மனுப் போடுவான். எது முந்துகிறதோ அதில் அமர்வான். உபாத்தியாயரானால் பகலில் பள்ளியில் கற்பித்துக்கொண்டே நார்மல் வகுப்பில் பயிற்சி பெற வேண்டும். சம்பளத்தில் ஒரு பங்கு மணியார்டராக ஊருக்குப் போகும். அப்பணத்தால் கிணறு வெட்டப்பட்டது, கல்வீடு எழுந்தது, சகோதரிக்குச் சீதனம் சேர்ந்தது. சீதனச் சந்தையில் மலாயா உத்தியோக மாப்பிள்ளைக்கு விலை ஏறியதும் இதனால்தான். கல்வியால் வந்த பொருள் பழைய வழக்கத்தை ஒழிப்பதற்குப் பதிலாக அதற்கு உரமிட்டது வருந்தத்தக்கது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிபாரிசுக் கடிதம் உறவுக்குள் போயிற்று. உறவு ஜாதிக்குள் நின்றது. யாழ்ப்பாணத்திலேயே பள்ளி வாங்கில் சமமாக உட்கார இடம் பெறாத பிள்ளைக்கு, பினாங்கு வேலைக்கான கடிதம் எங்கிருந்து வரும்? அவனும் தமிழன்தான், அவனுக்கும் மூளை உண்டு. உறவுக் கடிதம் ஒன்றே அவனுக்கு இல்லை.

உபாத்தியாயருக்கு மேலிருந்த கூரை

வேலையில் அமர்ந்தவருக்கும் ஓர் எல்லை இருந்தது. ஐரோப்பிய உபாத்தியாயர் ஒரு தரம். ஆசிய உபாத்தியாயர் வேறொரு தரம். சம்பளம், லீவு, வீடு எல்லாவற்றிலும் வித்தியாசம். பெரிய பள்ளிகளின் தலைமைப் பதவி வெள்ளையருக்கே உரியது என்பது எழுதப்படாத சட்டம். இருபது வருஷம் கற்பித்த தமிழர், சீமையிலிருந்து புதிதாக வந்திறங்கிய வாலிபருக்குக் கீழே நின்று அவருக்கே பள்ளி வழக்கங்களைச் சொல்லிக் கொடுப்பார். பாஷை ஒன்றே, இலக்கணம் ஒன்றே, மாணவன் எழுதிய கேம்பிரிட்ஜ் பரீட்சையும் ஒன்றே. தோல் மாத்திரம் வேறு.

இத்தனைக்கும் அவர்கள் தொழிலில் குறை வைத்தாரல்லர். 1891-ம் வருஷம் முதல் பினாங்கில் நடைபெற்ற கேம்பிரிட்ஜ் பரீட்சைகளில் தேறியவர்கள் வக்கீல்களாயினர், வைத்தியர்களாயினர். பிரீ ஸ்கூலில் படித்த ஊ லியென் தே, பிற்காலத்தில் மஞ்சூரியாவில் பரவிய பிளேக்கை எதிர்த்து உலகப் புகழ் பெற்றார். மலேசியாவின் முதல் பிரதம மந்திரி துங்கு அப்துல் ரஹ்மானும் அப்பள்ளியின் மாணவரே.

கப்பலின் மற்றொரு பகுதி

இனி, அதே கடலில் வந்த மற்றொரு கூட்டத்தைப் பார்ப்போம். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏற்றப்பட்ட தோட்டத் தொழிலாளிகள் கப்பலின் திறந்த தளத்தில் வந்தனர். பினாங்கில் இறங்கியதும் ஜெரஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டு, பின்னர் அங்கிருந்து தோட்டங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டனர். அவர்கள் கையில் சான்றிதழில்லை. கங்காணியின் கடன்தான் இருந்தது.

அவர்களுடைய பிள்ளைகளுக்கு என்ன கல்வி கிடைத்தது? ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தார் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம் கூறிற்று. சட்டத்துக்காகக் கொட்டகை எழுந்தது. எழுத்தறிந்த கங்காணியோ, கிராணியோ, தொழிலாளியோ அங்கே வாத்தியாரானார். எல்லா வகுப்புக்கும் ஒரே அறை, ஒரே வாத்தியார். பிள்ளை சற்று வளர்ந்ததும் பால்வாளி தூக்கப் போய்விடும். அந்த ஏழை வாத்தியார்களை நான் குறை கூறவில்லை. அவர்கள் இல்லையேல் தோட்டத்தில் தமிழே அழிந்திருக்கும். ஆயினும் அப்பள்ளியிலிருந்து நகரத்து ஆங்கிலப் பள்ளிக்குப் போகும் பாதை பெரும்பாலும் அடைபட்டிருந்தது. தூரம் ஒன்று, செலவு ஒன்று, பாஷை ஒன்று.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லுகிறேன். பழைய தோட்டங்களில் துரையின் சொல்லைத் தொழிலாளிக்கும், தொழிலாளியின் குறையைத் துரைக்கும் எடுத்துச் சொல்லும் இடத்தில் நின்றவர் கிராணியார். செக்ரோலில் எழுதுவது ஆங்கிலத்தில். பிரட்டில் பேர் போடுவது தமிழில். தன் பேருக்கு நேரே எத்தனை நாள் எழுதப்பட்டது என்பதைத் தொழிலாளி தானே படித்தறிய முடியாது. கிராணியார் நல்லவரானால் பிழைத்தான்; அல்லாவிடில் சபித்துக்கொண்டு போனான். ஆங்கிலம் ஒருவனுக்கு ஏணியாகவும் அடுத்த வீட்டுத் தமிழனுக்கு மதிலாகவும் இருந்த விதம் இதுவே. சீனப் பிள்ளைக்கும் மலாய்ப் பிள்ளைக்கும் ஆங்கிலம் கற்பிக்கக் கடல் கடந்து வந்த தமிழர், ரப்பர்க் காட்டிலிருந்த தமிழ்ப் பிள்ளையிடம் போய்ச் சேரவில்லை. தனி மனிதரின் தயாள குணக் குறைவைவிட, நகரத்தையும் தோட்டத்தையும் பிரித்து வைத்த ஏற்பாட்டையே இதற்கு முதற்காரணமாகச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஏற்பாட்டை எதிர்த்துக் குரல் எழுப்பியவர் சிலரே.

1941-ம் வருஷம் டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கின்மீது குண்டு வீசி நகரைப் பிடித்தபோது ஆங்கிலத்தின் மதிப்பு ஒரே நாளில் சரிந்தது. ஆங்கில உபாத்தியாயர்கள் ஜப்பானிய எழுத்துக்களைக் கற்று அதைக் கற்பிக்க வேண்டியதாயிற்று. பலர் மரவள்ளி பயிரிட்டுப் பிழைத்தனர். தோட்டத் தொழிலாளிகளோ பல்லாயிரக்கணக்கில் சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டு போகப்பட்டு மாண்டனர். ஆபத்துக் காலத்திலும் இரு கூட்டத்தாரின் விதி ஒன்றாக இல்லை.

சுதந்திரத்துக்குப் பின்

யுத்தத்துக்குப் பின் நிலைமை மாறிற்று. உபாத்தியாயர்களைப் பயிற்றுவிக்க 1952-ம் வருஷம் முதல் 1962-ம் வருஷம் வரையில் இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு அருகே கிர்க்பி என்னுமிடத்தில் மலாயாவுக்கென்றே கல்லூரி நடந்தது. மலாய், சீன, இந்திய இளைஞரும் யுவதிகளும் அங்கே ஒன்றாகத் தங்கிப் பயின்றனர். சுதந்திர தினத்தைத் துங்கு 1956-ம் வருஷத்தில் அவர்கள் முன்னிலையிலேயே அறிவித்தார். 1962-ம் வருஷம் முதல் 1983-ம் வருஷம் வரையில் அமெரிக்கச் சமாதானப் படையினரும் வந்து நம் பள்ளிகளில் கற்பித்தனர். 1970-ம் வருஷத்திலிருந்து ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்ப் பாஷைக்கு மாறின. தேசத்துக்கு ஒரு பொதுப்பாஷை வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. ஆங்கிலம் போதனாபாஷை என்ற நிலையிலிருந்து ஒரு பாடம் என்ற நிலைக்கு வந்தது. தேர்ந்த உபாத்தியாயர் சிலர் மறுபடியும் கடல் கடந்து ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குப் போயினர்.

இக்காலத்தில் போக விரும்புவோருக்கு

இன்று வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்க விரும்பும் தமிழ் இளைஞர், பழைய தடைகள் புது வேஷத்தில் நிற்பதைக் காண்பர். தென்கொரியா, ஆங்கில உபாத்தியாயருக்கென அளிக்கும் விசாவை அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுப் பிரஜைகளுக்கே பொதுவாக வைத்திருக்கிறது. பாஷையறிவைப் பாஸ்போர்ட்டால் அளக்கும் முறை இது. பிற நாடுகளில் இடமுண்டு. ஆனால் பட்டமும், கற்பிக்கும் பயிற்சிச் சான்றிதழும், வகுப்பறை அனுபவமும் கேட்பார்கள். வேலை ஒப்பந்தத்தை எழுத்தில் பெற்று, வேலை விசா கைக்கு வந்த பின்னரே புறப்பட வேண்டும். முன்பணம் கேட்டு, சுற்றுலா விசாவில் போ, பிறகு மாற்றிக் கொள்ளலாம் என்று சொல்லும் ஏஜெண்டுக்கும், கடன் கொடுத்துக் கப்பலேற்றிய பழைய கங்காணிக்கும் வித்தியாசம் உடுப்பில் மாத்திரமே.

இவ்வளவும் தனி மனிதனின் பிழைப்புக்கு. சமூகத்தின் காரியம் வேறொன்று உண்டு. தோட்டங்கள் இன்று பழையபடி இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் வீட்டு மனைகளாயின. லயத்தில் பிறந்தவர்கள் நகரத்து அடுக்கு மாடிகளில் வசிக்கின்றனர். பினாங்கு மாநிலத்தில் மட்டும் 28 தமிழ்ப் பள்ளிகள் நடைபெறுகின்றன. தூரம் என்ற பழைய சாக்கு இனிச் செல்லாது. ஆங்கிலம் நன்கறிந்த தமிழனும், அதற்காக ஏங்கும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே லிப்டில் ஏறி இறங்குகிறார்கள்.

ஆகவே தோழர்களே, வெளிநாட்டு உத்தியோகத்துக்கு மனுப் போடுவோர் தாராளமாகப் போடுக. அது வந்து சேரும் வரையிலாவது, வாரத்தில் இரண்டு மாலை, அருகிலுள்ள தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் ஐந்தாறு பேரைக் கூட்டி ஆங்கிலம் வாசிக்கவும் பேசவும் கற்பியுங்கள். வெளிநாட்டார் கேட்கும் கற்பித்தல் அனுபவமும் அதனால் கைகூடும். தமிழைக் கைவிடும்படி அப்பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. 1816-ம் வருஷத்தில் ஒரே கூரையின் கீழ் தொடங்கிய இரு பாஷைகளும் அவர்கள் நாவில் மீண்டும் ஒன்றாக வாழட்டும். யாருக்கு யார் உறவு, எந்த ஊர், எந்த ஜாதி என்று கேளாமல் கற்பியுங்கள். அன்று தோட்டத்துப் பிள்ளைக்குக் கிடைக்காத சிபாரிசுக் கடிதம் அதுவேயாகும்.